ஏணி எத்திராஜின் மனைவி

காலை ஆறரை மணிக்குக் காபி டம்ளரை வைத்ததும் மேசைமேல் கிடந்த ஒளித்தாள் தானாகவே விழித்துக்கொண்டது. கோவையில் அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கும். முதலில் அன்றைய செய்தி, அடுத்து பால்யத்தாள். சிறுவயதில் அவரவர் வீட்டுக்கு வந்த நாளிதழின் அதே தேதிப் பக்கங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அரசு அதை எல்லோருக்கும் இலவசமாக்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிறைமதி செய்தியைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நான்கு கட்டங்களில் 'ஏணி எத்திராஜ்'. வெள்ளையடிக்கும் எத்திராஜ், அவன் தோளில் எப்போதும் ஒரு மூங்கில் ஏணி, பின்னாலேயே சுவரொட்டி தின்றுகொண்டு வரும் 'கலெக்டர்' என்கிற ஆடு. இன்று கலெக்டர் ஏணியைக் கட்டியிருந்த கயிற்றைத் தின்றுவிட்டது. கடைசிக் கட்டத்தில் எத்திராஜ் சுண்ணாம்பு வாளிக்குள் தலைகீழாக நிற்க, அவன் மனைவி பட்டு வாசலில் காபியோடு நின்று சிரித்தாள்.

நிறைமதிக்கும் சிரிப்பு வந்தது. "இங்க பாரும்மா" என்று தாளை எதிரே திருப்பினாள்.

அம்மா கோகிலவாணிக்கு எண்பத்து மூன்று வயது. அதுவரை பல்லடத்தில் தனியாக இருந்தவள், குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு மூன்று மாதமாக மகளோடு இருந்தாள். பால்யத்தாள் என்ற ஒன்றை அவள் தொட்டதே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"எத்திராஜ் குடிச்சுட்டு வருவான். சனிக்கிழமை ஆனா அவளை ஏணிக் கம்பால அடிப்பான். அவ தலையைச் சுத்தி நட்சத்திரம் பறக்கும். அதுதான் தமாசு. உங்கப்பா சத்தமாப் படிச்சுக் காட்டுவாரு. நீயும் உங்கண்ணனும் உருண்டு உருண்டு சிரிப்பீங்க."

"அம்மா, நான் தினமும் படிக்கிறேன். அப்படி ஒண்ணு இருந்தா எனக்குத் தெரியாதா?"

நிறைமதி விடவில்லை. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றிலும் பட்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "பாரு. வயசாச்சுல்ல, எதையோ எதோடயோ சேத்து நினைச்சுக்கறே."

"சரி கண்ணு" என்றாள் அம்மா. கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு நான்கு நாள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் நிறைமதி சேலத்தில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டாள். அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சொல்லிக் கொஞ்சம் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

"எத்திராஜ் பொண்டாட்டி பட்டு ஞாபகம் இருக்காண்ணா?"

"அவனுக்கு ஏது பொண்டாட்டி?" என்றான் திருமாறன். "அவனும் ஆடும் மட்டும்தானே. நாலஞ்சு நாள் முன்னாடி கூடப் படிச்சேன். கலெக்டர் கயித்தைத் தின்னுட்டு, இவன் வாளிக்குள்ள விழுந்து கெடக்கறான்."

"வாசல்ல யாரு நிக்கிறா?"

"யாரும் இல்ல. வெறும் வாசல்."

நிறைமதி அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள்; அவள் தாளில் பட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரே நாளிதழ், ஒரே தேதி, ஒரே வீட்டில் இருவரும் பங்கு போட்டுப் படித்த பக்கம். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பால்யத்தாள் உதவி எண்ணை அழைத்தாள். ஒரு கனிவான பெண்குரல் பேசியது.

"வாசகரின் நலன் கருதிச் சில இடங்கள் இதமாக்கப்பட்டிருக்கலாம், அம்மா. படிக்கும்போது உங்கள் நாடித்துடிப்பு எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்த இடத்தைத் தாளே இதமாக்கிச் சரிசெய்துவிடும்."

"என் அண்ணனுக்கு ஒரு பெண்ணையே காணோமே."

"அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும்."

"எனக்கு மூலப் பக்கம் வேண்டும். அச்சில் வந்தது வந்தபடி."

"மூலம் தனியாக வைக்கப்படுவதில்லை. காகிதப் பிரதிகள் பதிவான உடனே கூழாக்கப்பட்டன. கடைசியாக இதமானதுதான் இப்போது இருப்பது. வேறு உதவி ஏதும் வேண்டுமா?"

அவள் மறுபடியும் அண்ணனை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.  "அப்பா பெட்டி ஒண்ணு என்கிட்ட இருக்கு. அவர் போனப்ப எடுத்துட்டு வந்தது. நாம வெட்டி ஒட்டின நோட்டு அதுக்குள்ள இருக்கணும்" என்றான். "ஆனா வேண்டாம் மதி. இப்ப நல்லாத்தானே இருக்கோம்?"

அவள் அன்றைக்கே ரயில் ஏறினாள். அண்ணன் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லி மாடிக்குப் போய்விட்டான்.

நோட்டின் அட்டை எலி கடித்திருந்தது. உள்ளே பழுத்துப்போன காகிதத் துண்டுகள், பசையின் மஞ்சள் கறையோடு வரிசையாக இருந்தன. கோடுகள் அவள் நினைத்திருந்ததைவிடக் கரடுமுரடாக இருந்தன. எத்திராஜுக்கு மூக்கு சிவந்திருந்தது. கலெக்டர் நகரசபை உத்தரவைத் தின்றது, கல்யாணப் பத்திரிகையைத் தின்றது. அவை உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தன, அதுவே அவளைச் சங்கடப்படுத்தியது. ஆறாவது துண்டு சனிக்கிழமையுடையது. ஓங்கிய கம்பு, தரையில் விழுந்து கிடக்கும் பட்டு, அவள் தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள்.

நட்சத்திரங்களுக்கு யாரோ மஞ்சள் கிரேயானில் வண்ணம் அடித்திருந்தார்கள். கோட்டைத் தாண்டாமல், பொறுமையாக. கீழே அம்புக்குறி போட்டு, கோணல் எழுத்தில், எத்திராஜுக்கு நேராக 'அப்பா' என்றும் பட்டுக்கு நேராக 'அம்மா' என்றும் எழுதியிருந்தது. 'ம்' மேல் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வட்டம். நிறைமதி இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. எட்டு வயதில் தெரிந்ததை ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவிடமே இல்லை என்று சாதித்திருக்கிறாள்.

அண்ணன் படியில் நின்றபடி கேட்டான். "இருக்கா?"

"இருக்கு."

"எனக்குக் காட்டாதே" என்றவன், ஒரு படி இறங்கி வந்து, "ஒரு சனிக்கிழமை அம்மாவோட காதுல ரத்தம் வந்துச்சு. நான்தான் துணியை நனைச்சுக் குடுத்தேன்னு நினைக்கிறேன். நெசமா, இல்ல நானாக் கற்பனை பண்றேனான்னே தெரியல. அதைப் பத்தி யார்கிட்டக் கேட்கறது சொல்லு" என்றான்.

மறுநாள் மதியம், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது நிறைமதி நோட்டை அவள் மடியில் வைத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எழுத்துகளை மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றியது, ஆனால் மறைக்கவில்லை.

"நீ சொன்னது சரிதாம்மா. நான்தான்..."

அம்மா விரலால் மஞ்சள் நட்சத்திரங்களைத் தடவினாள். ஆச்சரியப்படவில்லை.

"இதை உங்கப்பா எனக்குக் காட்டினாரு. 'பாரு, புள்ளைக்கே சிரிப்பாத்தான் இருக்கு, நீ என்னமோ ஒப்பாரி வைக்கறே'ன்னாரு."

 மேசைமேல் இருந்த ஒளித்தாள் நிறைமதியின் நாடி தடுமாறுவதை உணர்ந்து, மெல்லிய இளநீல ஒளியோடு தானாக விழிக்கப் பார்த்தது. அவள் அதை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

திரும்பி வந்து தரையில், அம்மாவின் வலப்பக்கம், காது கேட்கும் பக்கமாக உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சிரும்மா."

"சின்னப் புள்ள சிரிச்சதுக்கு என்ன மன்னிப்பு" என்றாள் அம்மா. "அதை நான் என்னைக்கோ விட்டுட்டேன். அன்னைக்கு அந்தத் தாளைக் காட்டி, எனக்கு வயசாச்சுன்னியே. அதைத்தான் தாங்க முடியல."

நிறைமதி தலைகுனிந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்க்கும் உரிமை தனக்கு இல்லை என்று மகளுக்கும் தோன்றியது.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, துண்டின் ஓரத்தில் மங்கிக் கிடந்த தேதியை உற்றுப் பார்த்தாள். "ஆடி மாசம்" என்றாள். "நீ அம்மை போட்டுப் படுத்திருந்தே. அன்னைக்கு என்ன ஆச்சுன்னா..."

நிறைமதி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.