மறித்து நிறுத்திய பஸ்

அந்தச் சாயங்காலம் மேட்டுப்பாளையம் ஸ்டாப்பை நோக்கி பஸ் வருவதைக் கமலவேணி கண்ணால்தான் பார்த்தாள். எஞ்சின் சத்தம் காதில் விழவேயில்லை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. கம்பெனிப் புகையும் ஈர மண்ணும் கலந்த வாடை தொண்டையைக் கமறச் செய்தது. அதற்கு முன் வந்த இரண்டு பஸ்களும் வழக்கம்போலக் கை நீட்டியவர்கள்மேல் சேற்றை வாரியடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தன. முத்தியால்பேட்டையில் அவள் மகள் லட்சுமி காய்ச்சலோடு படுத்திருந்தாள். நாலு வயசு. துணைக்கு இருக்கும் பக்கத்து வீட்டு செல்வாம்பாள் விளக்கு வைத்ததும் தன் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் வீட்டில் வேறு ஆள் இல்லை.

பஸ்ஸில் ஊர்ப் பலகை இல்லை. ஸ்டாப்பில் நின்றவர்கள் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. பின்வாங்கினார்கள்.

"அத வுட்டுடும்மா," என்றார் கூட வேலை செய்யும் ராஜாங்கம். "அது எங்கயும் நிக்கிற வண்டி இல்ல."

"எல்லா வண்டியும் அப்படித்தாண்ணே போவுது. இன்னிக்கி இது நின்னுதான் ஆவணும்."

நடுரோட்டில் போய் நின்றாள். வெளிச்சம் கண்ணைக் குருடாக்கியது. நகரவில்லை அவள். ஒரு சாண் இடைவெளியில் பஸ் நின்றது.

உள்ளே உட்கார இடமில்லை. ஈரத்துணியைச் சுருட்டிப் பல நாள் போட்டு வைத்த முடை நாற்றம். ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தும் ஒவ்வொருவர் மேலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது அவள் கம்பியைப் பிடித்துத் தடுமாறினாள். உட்கார்ந்திருந்த தலைகளில் ஒன்றும் அசையவில்லை. டிக்கெட் கேட்டு யாரும் வரவில்லை.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வந்தது. பஸ் நிற்கவில்லை.

மணிக்கயிற்றை இழுத்தாள். சத்தமில்லை.

"யோவ், நிறுத்துய்யா! எம்புள்ள தனியா கெடக்குது!"

பக்கத்து சீட்டுக்காரி திரும்பாமலே சொன்னாள்: "நாங்க ஏறினதுலேர்ந்து இது நின்னதே இல்லடி. நீதான் நிறுத்திக் காட்டின."

"அப்ப மறுபடியும் நிறுத்துறேன்."

வழியில் நீண்டிருந்த முழங்கால்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் சட்டைக்குள் சில்லென்று ஏதோ நழுவியது. கையை விடவில்லை. பிரேக் அலறியது. குதித்தாள்.

பின்னால் ஒரு சீட் கிறீச்சிட்டது. பிறகு எல்லா சீட்டும்.

ஓடினாள். சந்து முழுக்க இருட்டு. ஈரப் பாதங்கள் சளப் சளப்பென்று தொடர்ந்தன. வீட்டு வாசலை மிதித்ததும் கதவோரம் சாத்தியிருந்த தாழ்க்கட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

யாருமில்லை. மழை மட்டும்.

"வாங்கடா! எவன் வர்றீங்கன்னு பாக்குறேன்!"

"யாரம்மா திட்டுற?" உள்ளேயிருந்து லட்சுமியின் குரல். "அவங்கல்லாம் அப்பவே வந்துட்டாங்க."

திரும்பினாள்.

சிம்னி விளக்கு வெளிச்சம். கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே திசை பார்த்து. கடைசி வரிசையில் பஸ்ஸில் பேசிய அந்தப் பெண். அவளுடைய ஈர மடியில் லட்சுமி.

"எம்புள்ளய குடு."

கட்டையை ஓங்கியபடியே கமலவேணி உள்ளே காலெடுத்து வைத்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு விளக்கு மெல்லப் பின்னால் நகர்ந்தது.