ஐம்பதாவது மோச்சி

யோனே இறந்து நாற்பத்தெட்டு நாட்கள் முடிந்திருந்தன. நாற்பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு அவளுடைய மருமகள் லிகாயா அடுப்படியில் நின்று மோச்சி உருட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டரிசியை ஆவியில் வேகவைத்து, இடித்து, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். இறந்தவளின் வழிப்பயணத்துக்கு நாளுக்கு ஒன்றாக நாற்பத்தொன்பது சின்ன உருண்டைகள். கடைசியாக, வீட்டாருக்கென்று தட்டையாக ஒரு பெரியது.

முப்பத்தோராவது உருண்டையில் கதவு சறுக்கித் திறந்தது.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னா?"

நாத்தனார் நொபுகோ. செந்தாய் நகரத்திலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தாள். கறுப்பு உடை, காதில் முத்து. காலையிலேயே கண் சிவந்திருந்தது.

"மோச்சிக் கடைக்காரர் போன் பண்ணாரு அண்ணி. பனியில மலைப்பாதையை மூடிட்டாங்களாம். வண்டி வராதுன்னு சொன்னாரு."

"வரலைன்னா? நீ செஞ்சுடுவியா? எங்கம்மா எதைத் தின்னு செத்தாங்கன்னு மறந்துபோச்சா உனக்கு? தொண்டையில மோச்சி அடைச்சு, மூச்சு முட்டி... ஐயோ! அதே கையால அவங்களுக்குப் படையல் வேற!"

லிகாயா கையிலிருந்த மாவைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீங்க உருட்டுங்க அண்ணி. நான் நகர்ந்துக்கறேன்."

நொபுகோ ஆவி பறக்கும் மாவைப் பார்த்தாள். அவள் மோச்சி உருட்டியதே இல்லை. செந்தாயில் பாக்கெட்டில் கிடைக்கும். யோனே தன் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொடுத்ததெல்லாம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இந்த மருமகளுக்குத்தான். இருபத்திரண்டு வருடம், இதே அடுப்படியில்.

"உருட்டு, உருட்டு. ஊர் என்ன பேசுதுன்னு உனக்குத் தெரியுமா? 'பாவம், வெளிநாட்டுக்காரி, தெரியாம குடுத்துட்டா'ன்னு பேசுது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் தெரியாமலா இருந்த?"

கதவு மூடிக்கொண்டது. லிகாயா முப்பத்திரண்டாவது உருண்டையை எடுத்தாள்.

சுவரில் ஓர் ஆணியில் சிவப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல் தொங்கியது. யோனேவுக்கு விழுங்கச் சிரமம் வந்த நாளிலிருந்து, மூன்று வருடமாக, அவளுக்கு வைக்கும் மோச்சியை லிகாயா அந்தக் கத்தரிக்கோலால் நகக்கண் அளவு வெட்டித்தான் வைப்பாள். "என்னடி, கோழிக்கு இரை போடறியா?" என்று கிழவி திட்டுவாள். திட்டிக்கொண்டே சாப்பிடுவாள். லிகாயா பிறந்த ஊரிலும் ஒட்டரிசி உண்டு. தேங்காய்ப்பாலில் வேகவைத்து வாழையிலையில் சுற்றுவார்கள். அதையெல்லாம் இந்த ஊரில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொள்வதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அவளுக்கென்று ஒரு தவறு ஊரில் எப்போதோ தயாராகக் காத்திருந்தது.

யோனே இறந்த ஜனவரி நான்காம் தேதி காலை ஆம்புலன்ஸ்காரர் குறிப்பேட்டைத் திறந்து கேட்டார். "யார் குடுத்தது?"

"நான்" என்றாள் லிகாயா.

அப்போது அவள் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த பனி உருகிப் பாய் நனைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் கணவன் தெய்ஜி வாயைத் திறந்தபடி நின்றான். சத்தம் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. நாற்பத்தெட்டு நாளும் அவன் தாயின் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தே சாப்பிட்டான்.

ஐம்பதாவது மோச்சியைத் தட்டையாக்கித் தட்டில் வைத்தபோது வாசல்பக்கம் ஏதோ உருளும் சத்தம். லிகாயா கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மகள் மினோரி பெட்டியைக் காலணி அலமாரியின் ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. பள்ளிச் சீருடையில் இருந்தாள். துக்கச் சடங்குக்குப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் போடுவார்கள்.

"இன்னிக்கேவா கண்ணு? ஏப்ரல்லதானே செந்தாயில ஸ்கூல் திறக்குது..."

"பாதை திறந்ததும் அத்தையோட போறேன்."

"ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா?"

"அம்மா!" பெண்ணின் குரல் உடைந்தது. "எப்படிம்மா ஸ்வெட்டர் பத்திக் கேக்க முடியுது உன்னால? அன்னிக்கு நான் மாடியில படுத்திருந்தேன். நீ வெளிய பனி தள்ளற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சரக்கு சரக்குன்னு... ரொம்ப நேரம். பாட்டி முன்னாடி வெட்டாத மோச்சிய வெச்சிட்டு, அவங்களைத் தனியா விட்டுட்டு, நீ பாட்டுக்குப் போய்ப் பனி தள்ளியிருக்க! ஒரு வார்த்தை... ஏன்னு ஒரு வார்த்தை சொல்லேன். கோவப்படு. அழு. ஏதாவது செய்!"

லிகாயாவின் தொண்டையில் அந்த வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் மகள் நின்றுவிடுவாள். பெட்டி மாடிக்குத் திரும்பிப் போகும். ஆனால் இந்த வீட்டில் வேறொன்று இடிந்து விழும். அது விழுந்தால் திரும்ப எழுப்ப முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீலக் கலர் ஸ்வெட்டர் துவைச்சு வெச்சிருக்கேன்" என்றாள். "எடுத்துக்கோ."

மினோரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடத்தின் கதவருகே தெய்ஜி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றிருந்தான் என்று தெரியவில்லை. அவன் கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

பத்து மணிக்குக் கோயில் குரு பனியில் நடந்தே வந்தார். யோனேவின் தம்பி கெங்கிச்சியும் வந்து கணப்படுப்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். எண்பது வயது, பாதிச் செவிடு. மந்திரம் முடிந்தது. ஒவ்வொருவராக முன்னால் போய்ச் சாம்பிராணித் தூளை நெற்றிக்கு உயர்த்தித் தணலில் தூவினார்கள். வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திக் கலசம் அப்படியே இருந்தது. கல்லறை ஆளுயரப் பனிக்கு அடியில் கிடந்தது. பனி உருகிய பிறகுதான் அடக்கம். குரு தேநீர் குடித்துவிட்டு விடைபெற்றார்.

மிச்சமிருந்தது பெரிய மோச்சி. அந்த ஊர் வழக்கப்படி அதைக் கத்தியால் வெட்டக் கூடாது. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்துப் பிய்க்க வேண்டும். வீட்டார் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்ன வேண்டும். அதோடு இறந்தவருக்கும் வீட்டுக்கும் உள்ள கட்டு அறுகிறது.

"என் பங்கைக் குட்டியாப் பிய்ச்சுக் குடுங்கப்பா" என்றார் கெங்கிச்சி. "அக்காவுக்குத் துணைக்குப் போக எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சொன்ன பிறகே கிழவர் தன் வாயைத் தானே தட்டிக்கொண்டார்.

தெய்ஜி தட்டைத் தன் பக்கம் இழுத்து, மோச்சியின் ஒரு முனையைப் பிடித்தான்.

"மறுமுனைய யார் பிடிக்கணும் மாமா?" என்று கேட்டாள் நொபுகோ. "நான்தானே? மூத்தவ நான்தான்."

"இல்லம்மா. ஒரு முனை வீட்டுக்கு வாரிசு. மறுமுனை, போனவங்களுக்குக் கடைசியா ஊட்டின கை. எங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்."

எல்லோரும் லிகாயாவைப் பார்த்தார்கள்.

"இவளா?" நொபுகோ எழுந்தேவிட்டாள். "கடைசியா ஊட்டின கையா? கொன்ன கைன்னு சொல்லுங்க மாமா! எங்கம்மா படத்துக்கு முன்னாடி இவ இதைத் தொட்டா, நான் இந்த வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேன். மினோரி, பெட்டிய எடு!"

லிகாயா வாதாடவில்லை. முழங்காலிட்டபடியே பின்னால் நகர்ந்து, பாயில் கை ஊன்றி, படத்தை நோக்கித் தலை தாழ்த்தினாள்.

"அண்ணியே பிடிக்கட்டும்" என்றாள். "எனக்கு வருத்தமில்ல."

நொபுகோ கையை நீட்டினாள். தெய்ஜி தட்டை நகர்த்தவில்லை. மெதுவாக மறுமுனையையும் தானே பிடித்துக்கொண்டான்.

"என்னடா பண்ற?"

"ரெண்டு முனையும் என் கையிலதான் இருக்கணும், அக்கா."

லிகாயா தலையை நிமிர்த்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாங்க..." என்றாள். "பொண்ணு இருக்கா. வேண்டாம்... உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்..."

"நாப்பத்தெட்டு நாள் உன் பின்னாடி ஒளிஞ்சு உட்கார்ந்துட்டேன். போதும்."

அவன் கைகளுக்கு நடுவே மோச்சி நீண்டு தொங்கியது. அறுபடவில்லை.

"அப்பா?" என்றாள் மினோரி. அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். எழுந்து வந்து லிகாயாவின் பக்கத்தில் மண்டியிட்டு, மாவு காய்ந்து வெடித்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கினாள். லிகாயாவின் தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

தெய்ஜி தாயின் படத்துக்கு முகம் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

"லிகாயா வெளிய பனி தள்ளிக்கிட்டு இருந்தா. அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. 'மூணு வருஷமாக் கோழியாட்டம் கொத்தறேன்டா, சாகறதுக்குள்ள முழுசா ஒண்ணு இழுத்துத் தின்னணும், அவ வர்றதுக்குள்ள குடுடா'ன்னாங்க. சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சாங்க அக்கா... எனக்கு மனசு கேக்கல. ஸ்டவ்லயே வாட்டினேன். அந்தக் கத்தரிக்கோலை நான் எடுக்கவே இல்ல."

கணப்படுப்பின் மேல் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. நொபுகோ நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

"இவ பக்கத்துலயே இல்ல. அம்மாவுக்கு அந்த மோச்சியக் குடுத்தது நான்தான்."