பதினாறு கணு

1973, செப்டம்பர் 14. காலை 9.20.

வேலிமிரின் வயலில் மக்காச்சோளக் கதிர் ஒடித்துக்கொண்டு வந்த ஆட்கள் பாதி வரிசையில் நின்றுவிட்டார்கள். சுற்றிலும் பயிர் காய்ந்து சருகாகியிருக்க, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் பச்சையாக நின்றது. அதன் அடியில் நரி தோண்டிய பள்ளத்தில் ஒரு பூட்ஸ் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

காலை 11.00.

பூட்ஸ் வேலிமிரின் ஒரே மகன் ராதிவோயுடையது. ஏப்ரல் 10 அன்று மதுக்கடையில் பக்கத்து வயல்காரன் லியூபனோடு கட்டிப் புரண்டவன். மறுநாளே ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றுதான் ஊர் நம்பியிருந்தது. "உன்னை மண்ணுக்குள்ள வைக்கிறேன்டா" என்று லியூபன் அன்று கத்தியதை முப்பது பேர் கேட்டிருந்தார்கள். மதியத்துக்குள் அவன் கையில் விலங்கு ஏறியது. செத்து மூணு மாதமா ஐந்து மாதமா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை.

பிற்பகல் 2.10.

விதை நிலையத்திலிருந்து தரிங்கா வந்து சேர்ந்தாள். எந்த ரகத்தை எப்போது விதைத்தால் எவ்வளவு விளையும் என்று பார்ப்பது அவள் வேலை. அந்த ஊரில் புதுக் குறுகிய கால விதை ஒரே ஒரு மூட்டை, வேலிமிருக்கு மட்டும் கொடுத்திருந்தாள். பச்சைத் திட்டின் ஓரம் போய் நின்றாள். ஜூலையில் அது மட்டும் பூக்காமல் நின்றதை அவள் பார்த்திருந்தாள். வேலிமிர் சொன்ன காரணத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

அதே காரணத்தைத்தான் இப்போது இன்ஸ்பெக்டர் மாலெதினிடமும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விதைச்சது எப்போ பெரியவரே?"

"ஏப்ரல் பன்னெண்டு."

"இது மட்டும் ஏன் பச்சை?"

"மூட்டை கிழிஞ்சு விதை குறைஞ்சு போச்சுங்க. வீட்டுல இருந்த நீண்ட காலச் சோளத்தை இந்த இடத்துல போட்டேன். அது மெதுவாத்தான் காயும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

மாலெதின் நோட்டை மூடினார். "பத்தாம் தேதி சண்டை. பன்னெண்டாம் தேதி விதைப்பு. நடுவுல ஒரு ராத்திரி போதாதா லியூபனுக்கு?"

"மே மாசம் லியூபன் எங்க இருந்தான்?" என்று கேட்டாள் தரிங்கா.

"மே ஒண்ணுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அணைக்கட்டு வேலை. ஏம்மா, உங்க சோளம் சாட்சி சொல்லப் போகுதா?"

அவள் திட்டுக்குள் இறங்கினாள். பச்சைத் தட்டை ஒன்றை வேரோடு பிடுங்கி, நெடுக்காகப் பிளந்து, அடியிலிருந்து பூவரை கணுக்களை எண்ணினாள். பதினாறு. இன்னொன்று, பதினாறு. பக்கத்தில் காய்ந்த தட்டையும் பதினாறு. பிறகு வேலிமிரின் பன்றிக் கொட்டில் ஓரம் நின்ற நீண்ட காலச் சோளத்தைப் பிளந்தாள். இருபத்தொன்று. தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டு நான்கு முறை எண்ணினாள்.

மாலை 4.40.

"இலை உதிரும், கணு உதிராது" என்றாள். "முன்னாடி விதைச்சாலும் பின்னாடி விதைச்சாலும் ஒரு ரகத்துக்குக் கணு அநேகமா அதேதான். இது நீண்ட காலச் சோளம் இல்ல. நான் கொடுத்த அதே விதை, ஆனா பிந்தி விதைச்சது. கதிர்ல மணி இன்னும் இறுகாம மாவாவே இருக்கு. பின்னோக்கி எண்ணினா மே கடைசி, இந்த இடத்தைத் தோண்டி மறுபடி விதைச்சது அப்போதான். அப்போ லியூபன் ஊர்லயே இல்ல. இந்த விதை இருந்தது ஒரே ஒரு வீட்டுல."

வேலிமிர் தலை நிமிரவில்லை. அவர் மனைவி பெத்ரியா வரப்பில் நின்றிருந்தாள்.

"வீட்டு விதையையே போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள் தரிங்கா.

"வெறும் இடமா விட மனசு வரலம்மா. வேற ரகம் கலந்தா உன் கணக்கு கெட்டுடுமேன்னு..." அவர் மண்ணைப் பார்த்தபடியே பேசினார். "நிலத்தை வித்துட்டு ஆஸ்திரியாவுக்கு வாங்கன்னு கூப்பிட வந்தான் பையன். களை வெட்டிக்கிட்டிருந்தேன். மண்வெட்டி கையில இருந்தது. ஒரு தடவைதான்."

பெத்ரியா மெதுவாகக் கேட்டாள்: "அப்போ வந்திருந்தானா என் புள்ள?"

"வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்தான். முதல்ல அம்மாவைப் பார்த்துட்டு வரேன்னான். நான்தான் நிறுத்தினேன்."

அவள் அழவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்தாள். வாழ்நாளில் அதுவரை புருஷனை ஒருமையில் பேசியதில்லை.

"ஒரு கடிதாசி போடக் கை வரலையா அவனுக்குன்னு தினமும் அவனைச் சபிச்சேனே. எதிர்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே சாப்பிட்டியே."