தபால் விமானத்தின் பின்சீட்டு

பின்சீட்டு பெல்ட் மறுபடியும் மாட்டியிருந்தது. காலையில்தான் மெக்கானிக் அதைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். இப்போது யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இறுகி நின்றது. காட்சிக்கூட அதிகாரி மூக்கைச் சுளித்தார். ஊதினால் பறந்துவிடும் இந்தத் தகர டப்பாவுக்கு இவ்வளவு பந்தாவா? சண்டைக்கு லாயக்கில்லை, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டே பேரைச் சுமந்து ராணுவத்துக்குத் தபால்காரன் வேலை பார்த்த விமானம். ஓட்டியவர் தன் அப்பா என்பதால்தான் அதற்கு நடுக்கூடத்தில் இடம் கொடுத்திருந்தார்.

பலகையில் அதன் வரலாற்றையும் அவரே எழுதியிருந்தார். பாரம் தாங்காமல் விமானம் குன்றைத் தாண்டத் திணறியபோது, பின்சீட்டில் இறந்துபோன சிப்பாயின் பெல்ட்டைக் கழற்றி உடலைத் தள்ளிவிட்டு, அவசரத் தபாலைச் சேர்த்த வீரர் அப்பா. நாளை திறப்பு விழா. குடும்பத்துக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

"சார், இன்ஜின் சத்தத்துல பேச்சு கேக்காது," என்றார் மெக்கானிக். "பின்னாடி இருக்கிறவர் தோளைத் தட்டித்தான் சேதி சொல்வாராம். உங்கப்பா கடைசிவரைக்கும் முதுகுக்குப் பின்னாடி யாரையும் நிக்க விட்டதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"செத்தவனுக்கு வக்காலத்தா? போய் லைட்டைப் போடுங்க."

வீம்புக்கென்றே அதிகாரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை பொரிந்துகொண்டிருந்தது. பழைய பெட்ரோல், நனைந்த துணி, அவற்றுக்கு அடியில் கட்டுப்பிரிக்காத புண்ணின் நாற்றம் என்று ஒவ்வொன்றாக மூக்கில் ஏற, பின்சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகியது.

இடது தோளில் ஒரு தட்டு.

"பெரியவரே, இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேணாம்."

"என்ன சார்?" மெக்கானிக்கின் குரல் கூடத்தின் மறுகோடியில், சுவிட்ச் பலகையருகே இருந்து வந்தது.

மறுபடி தட்டு. இன்னும் வேகமாக. கெஞ்சுவதுபோல.

பிணம் தட்டாது. அன்றைக்கு அவன் உயிரோடு இருந்திருக்கிறான். தட்டியிருக்கிறான். அது தெரிந்தேதான் அப்பா தள்ளியிருக்கிறார்.

நாளை? பலகை? வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் அதிகாரியின் உதடு ஏளனமாகக் கோணியது.

"எழுதினது எழுதினதுதான்," என்றார். "கேவலம், ஒரு சிப்பாய்தானே."

தட்டல் நின்றது.

விளக்கு எரிந்தது. முன்கண்ணாடியில் அவர் முகம். இரண்டு தோளிலும் விரல்கள். நகம் பிய்ந்த விரல்கள். சதைக்குள் இறங்கிய விரல்கள். தள்ளத் தள்ள விடாதவனின் பிடி.