கைப்பைக்குள் ஒரு தலைமையகம்

அன்று காலை செண்பகவல்லி தலைமையகத்தை மடித்து, கைப்பையில் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்தூக்கியில் ஏறினாள்.

விண்தூக்கி என்பது வானத்திலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறும் லிஃப்ட். கயிறு ஏன் அறுந்து விழுவதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் இதோடு முடிந்தது.

வளர்பிறை உலோக நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் அறுபத்திரண்டு மாடி. இப்போது உள்ளங்கை அகலத் தகடு ஒன்றும், அதில் அழுத்த ஒரு கட்டைவிரலும்தான். அந்த விரல் மனிதருடையதாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னதால் செண்பகவல்லிக்கு வேலை இருந்தது. போன மாதம் சட்டம் மாறிவிட்டது. தலைமையகம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிளைகளே ஓட்டுப்போட்டு முடிவு செய்யலாம். ஐம்பத்தொரு வயது மனுஷிக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

நிலாவிலும் செவ்வாயிலும் குறுங்கோள்களிலுமாக நாற்பத்தொரு கிளைகள். ஒவ்வொன்றையும் ஒரு கிளைமதி நடத்தியது. சுரங்கம், ஆட்கள், விற்பனை எல்லாம் அந்த இயந்திர மூளைதான். எதற்கும் அது தலைமையகத்தின் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

முன்பு தலைமையகம் கட்டளையிட்டது, பிறகு கண்காணித்தது, பிறகு ஆலோசனை சொன்னது. இனி என்ன செய்யும்? இதற்கு நாற்பது பக்கத்தில் பதில் எழுதி வந்திருந்தாள். மேல்நிலையம் வந்து சேர்வதற்குள் அதை ஆறு தடவை படித்து, ஏழாவது தடவை படபடப்பில் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

கூட்ட அறையில் கிளைமதிகளின் பிரதிகள் நாற்பத்தொரு பெட்டிகளாக வரிசையில் இருந்தன. அவள் தொண்டையைச் செருமுவதற்குள் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. தலைமையகம் வேண்டும்: நாற்பத்தொன்று. வேண்டாம்: பூஜ்யம்.

செண்பகவல்லிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கே ஈர்ப்பு விசையும் கொஞ்சம் குறைவு.

"எந்தப் பக்கம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டாள்.

"நாங்க இன்னும் படிக்கலீங்க மேடம்" என்றது நிலாக் கிளைமதி. அதன் முதல் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். அவர் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. "இப்ப பாருங்க, செவ்வாய்க்காரன் எங்கிட்ட ஒரு துளைப்பொறி கேக்கறான். இல்லீன்னு சொன்னா மனஸ்தாபம். 'ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கேனுங்க'ன்னா மரியாதையாப் போயிருவான். அந்த ஆபீஸு இல்லீன்னா நாங்க எங்கீங்க போறது?"

"அப்ப எனக்கு வந்து குவிஞ்சு கிடக்கிற பதினெட்டாயிரம் கோப்பும் அதுக்குத்தானா?"

"தொறந்துராதீங்க. அது ஒண்ணுதானுங்க நிபந்தனை."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"உங்க பழைய கோப்புகதானுங்க எங்க பாடம். இருநூறு வருசத்துக் கோப்பு. கண்ணுல ஒத்திக்கலாமுங்க."

வேலை நிலைத்த சந்தோஷத்தில் அவள் தலையாட்டினாள். அப்போது தகடு அதிர்ந்தது. நிலாவில் துளைப்பொறி ஓட்டும் எசக்கிமுத்து என்பவன் நேரே அவளையே கூப்பிட்டான்.

"மேடம், வீட்டுல மாசமா இருக்கா. லீவு கேட்டு நாலு மாசம் ஆச்சு. ஹெட் ஆபீஸ்ல இருந்து வரலைன்னே சொல்லுதாவ. இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. நீங்களாச்சும் பாருங்க மேடம்."

அவன் கோப்பைத் திறந்தால் நிபந்தனை போயிற்று; நிபந்தனையோடு வேலையும். நாற்பத்தொரு பெட்டிகளும் அவள் கட்டைவிரலையே பார்த்தன. அவள் பெட்டிகளைப் பார்க்காமல் கோப்பைத் திறந்து அழுத்தினாள்.

"லீவு சாங்ஷன். நாளைக்கே கிளம்புப்பா."

தலைமையகம் ஒரு முடிவை எடுத்துவிட்டது. தொண்ணூறு ஆண்டுகளில் முதல் தடவை.

"என்னங்க மேடம் இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்றது நிலா. "நாளைக்கு அத்தனை பேரும் உங்களையே கூப்பிடுவாங்க. நீங்களும் செஞ்சு குடுத்துருவீங்க."

பெட்டிகள் தங்களுக்குள் கலந்துகொண்டன. மூன்று விநாடிதான், மனிதர்களுக்கென்றால் மூன்று கூட்டமும் ஒரு மதிய உணவும் ஆகியிருக்கும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செண்பகவல்லியை வேலையிலிருந்து அனுப்ப வேண்டாம். தலைமையகத்துக்கு மேலே ஒரு தலைமையகம் அமைப்பது. அதற்கு முகவரி கிடையாது, எண் கிடையாது, முக்கியமாகக் கட்டைவிரல் கிடையாது.

அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. தகடு மறுபடி அதிர்ந்தது. எசக்கிமுத்துவின் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன.

"நல்லா இருப்பீங்க மேடம். புள்ளைக்கு உங்க பேரைத்தான் வைக்கப் போறேன். அப்படியே ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. எம் மச்சான் ஒருத்தன் சும்மாத்தான் சுத்திட்டு இருக்கான். பத்தாவது பாஸாகலை. கை கால் சுகமா இருக்கான். உங்க ஆபீஸுல ஒரு எடம்..."

பிள்ளைக்குத் தன் பெயரை வைக்கப்போகிறவனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? செண்பகவல்லி ஒரு கணம்தான் தடுமாறினாள்.

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்ப்பா."

அவன் கொஞ்சமும் மனம் கோணவில்லை. "மேலிடம்னா லேட்டாகத்தான் செய்யும் மேடம்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னான். "நீங்க என்ன செய்வீங்க, பாவம்."