முதுகு காட்டாத மண்டபம்

"வீ...ல்!"

தல்மீராவின் அலறல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது.

வெர்மாட் பேரரசின் ஆதிவாள் மண்டபம். அதன் சாவிக்காரி அவள். கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே உறைந்து நின்றாள்.

முதல் பேரரசரின் வாள், கவசம், கிழிந்த போர்க்கொடி... எல்லாம் அதனதன் இடத்தில். நேற்று மாலை பூட்டும்போது வழக்கம்போல் தரையில் தூவிய சாம்பல் மட்டும் கலைந்திருந்தது.

வாள் பீடத்தின் அடியில் மண்டபத் தலைவர் ஓஸ்திரன். முதுகில் கத்தி!

ஓடி வந்தான் காவல் தளபதி குரோவன். செத்தவரின் சொந்தத் தம்பி. உள்ளே பாய்ந்தான்... புரட்டிப் பார்த்தான்... கதறிக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்து தல்மீராவின் கழுத்தைப் பிடித்தான்.

"சாவி உன்கிட்டதானேடி இருக்கு! அண்ணனை எதுக்குடி கொன்ன?"

"நான் கொல்லல... இன்னொரு சாவி அரண்மனையில இருக்கு தளபதி!"

"நடிக்காதே! வாள்பிடியில இருக்கிற மரகதம் வெறும் கண்ணாடின்னு அண்ணன் நேத்துதான் கண்டுபிடிச்சார். நிஜக் கல்லை நீ அமுக்கிட்ட. மாட்டிக்குவோம்னு குத்திட்ட! உச்சி மணி அடிக்கட்டும். மாமன்னர் முன்னாடி உன் தலை உருளும்!"

உச்சி மணிக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அழுது பிரயோஜனமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பலைப் பார்த்தாள்.

பார்த்தவள் திகைத்தாள்!

"தளபதி... உங்க அண்ணன் தடம், உங்க தடம் தவிர மூணாவதா ஒரு ஆள் தடம் இருக்கு பாருங்க. இடது குதிகால்ல பிறை மாதிரி தேய்மானம். வெளியே வர்றப்ப கால்நுனி வாசலைப் பார்த்திருக்கு!"

"அதனால?"

"முதல் பேரரசருக்கு முதுகு காட்டிக்கிட்டு வந்திருக்கான்!"

"கொலை பண்ணிட்டு ஓடுறவன் மரியாதையையா பார்ப்பான்? லூசாடி நீ?"

"நீங்க இப்ப எப்படி ஓடி வந்தீங்க?"

குரோவன் திரும்பிப் பார்த்தான்.

பிணத்திலிருந்து வாசல் வரை அவன் கதறிக்கொண்டு ஓடிய தடம். ஒவ்வொன்றும் வாளைப் பார்த்தே இருந்தது. அவனுக்கே தெரியாமல் பின்பக்கமாகத்தான் ஓடி வந்திருந்தான்!

"ஆதிவாளுக்கு முதுகு காட்டாம நடக்க, தவழ்ந்து எழுந்திரிக்கிறப்பவே நமக்குப் பழக்கிடறாங்க. உயிர் போனாலும் மாறாது."

"அப்ப எவனோ அந்நியன்..."

"அந்நியனுக்குச் சாவி ஏது? சொல்லுங்க, மரகதம் பத்தி உங்க அண்ணன் வேற யார்கிட்ட சொன்னார்?"

கழுத்துப் பிடி தளர்ந்தது.

"என்கிட்ட சொன்னார். அப்புறம்... மாமன்ன..."

டாங்...!

உச்சி மணி!

காவலர் கொண்டுபோன சேதி கேட்டு, சபைப் பெரியவர்கள் பின்தொடர, மாமன்னர் ஹெல்ப்ராத் வந்து நின்றார்.

"இன்னுமா இவ தலை கழுத்து மேல இருக்கு? குரோவன், உனக்குக் கை வலிக்குதா?"

பூசைக்குக் கொண்டுவந்த பூவை நீட்டியபடி தல்மீரா மண்டியிட்டாள். "ஒரே ஒரு கடைசி ஆசை மாமன்னா! உங்க கையால ஆதிவாளுக்கு ஒரு பூ வைக்கணும். அதைப் பார்த்துட்டுச் செத்துப்போறேன்."

"சனியன்! குடு இங்க!"

விடுவிடுவென்று உள்ளே போனார். பூவை விட்டெறிந்தார். சட்டென்று திரும்பி நடந்து வந்தார்.

சபைப் பெரியவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தல்மீராவின் விரல் காட்டிய சாம்பலைத்தான் பார்த்தார்கள்.

பழைய தடம். பக்கத்தில் புதிய தடம். இரண்டும் வாசலைப் பார்த்தன. இரண்டிலும் அதே பிறை!

"என்ன முறைக்கிறீங்க? இந்த நாட்டுல ஆதிவாளுக்கு முதுகு காட்டுற உரிமை எனக்கு ஒருத்தனுக்குத்தான் இருக்கு. தெரியாதா?"

"தெரியும் மாமன்னா," என்றாள் தல்மீரா. "அதான் மாட்டிக்கிட்டீங்க."

குரோவன் வாளை உருவினான். கண்ணில் நீர். குரலில் நெருப்பு.

"மரகதத்தை வித்துத் தின்னதும் நீ! உன்னை நம்பிச் சொன்ன என் அண்ணனைக் குத்தினதும் நீ! வாசக்கல்லுல முதல் பேரரசர் வெட்டி வெச்சதைப் படி! 'இங்கே ரத்தம் சிந்தியவன் அரசனே ஆனாலும் தலை தப்பாது!'"

மாமன்னர் பெரியவர்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

முகம் வெளுத்தது. வாள்முனையைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. இன்னும் ஓர் அடி...

தல்மீரா கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"பரவாயில்லையே மாமன்னா... பின்னால நடக்க இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டீங்களே!"