கடைசி அளவாள்

பொதுத் தகுதித் தேர்வைப் பிள்ளைகள் எழுதுவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே வினாத்தாளைத் தமயந்தி தனியாக எழுதுவாள். நூறு நாற்காலி போட்ட கூடத்தில் அவள் ஒருத்திதான். மேற்பார்வைக்குக்கூட ஆள் கிடையாது.

அவள் பதவிக்குப் பெயர் அளவாள். பிள்ளைகளின் தலைக்குள் நினைவிழை பொருத்தத் தொடங்கிய பிறகு, ஒரு வினாத்தாள் கடினமா எளிதா என்றே சொல்ல முடியாமல் போயிற்று. வருஷத்துக்கு வருஷம் மாறுகிறவர்களை வைத்து எதை அளப்பது? ஆகவே பதினெட்டு வயதில் தேர்வெழுதி, மிகச் சரியாக நடுவில் நின்ற முப்பது பேரைத் தேர்வு வாரியம் மலைமேல் குடியமர்த்தியது. அவர்கள் எத்தனை சரியாக எழுதினாலும் அதுதான் ஐந்நூறு மதிப்பெண். மற்றவர்களை அதற்கு மேலும் கீழும் தரப்பொறி அடுக்கும். இழை பொருத்திக்கொள்ளக் கூடாது, படிக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். சிலர் இறந்தார்கள், சிலர் கல்யாணம் செய்துகொண்டு இறங்கிப் போனார்கள். இருபத்திரண்டாம் வருஷம் தமயந்தி மட்டும் மிஞ்சினாள்.

பேச ஆளில்லாத அந்தக் குடியிருப்பில் அவள் ரகசியமாகப் படிக்க ஆரம்பித்தாள். கிடங்கில் கிடந்த பழைய விடை விளக்கப் புத்தகங்கள் முதலில் பொழுதுபோக்காக இருந்தன. பிறகு ஆசை வந்தது. நிலவியல் கல்லூரியில் சேர வேண்டும், பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில். அதற்கு ஐந்நூற்றிருபது வேண்டும்.

எப்போதும் நூறு கேள்விகளில் நாற்பத்தெட்டுக்குச் சரியாக எழுதுகிறவள், அந்த வருஷம் எழுபத்தொன்றுக்கு எழுதினாள்.

வாரியச் செயலர் ஜெபராஜ் முடிவோடு நேரில் வந்தார்.

“ஐந்நூறும்மா.”

“எழுபத்தொண்ணு சரியாப் போட்டிருக்கேன் சார்!”

“தெரியும். அதனால தாள் எளிசுன்னு பொறி முடிவு பண்ணிடுச்சு. பிள்ளைங்க மார்க்கையெல்லாம் இறக்கிடுச்சு. பாதிக் கல்லூரி காலியாக் கிடக்கு.”

“தாள் எளிசில்ல சார். நான் படிச்சேன்.”

ஜெபராஜ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “இதை வெளியே சொல்லிடாதேம்மா. அப்புறம் யாரு மார்க்கை யாரு நம்புவாங்க?”

“அவங்க மார்க்கைத் திருத்த முடியாதா?”

“எதை வச்சுத் திருத்துறது? இருக்கிறது நீ ஒருத்திதானே.”

“நான் இறங்கிப் போயிட்டா?”

“தேர்வே கிடையாது.”

அடுத்த வருஷம் கூடத்தில் உட்கார்ந்தபோது, ஐம்பத்திரண்டு கேள்விகளைத் தவறவிடுவதென்று தமயந்தி முடிவு செய்திருந்தாள். ஆனால் எந்த ஐம்பத்திரண்டு? பதினெட்டு வயதில் தெரியாதிருந்தவற்றை மட்டும் தவறவிட வேண்டும். எளிதானதை விட்டுக் கடினமானதைச் சரியாக எழுதினால் பொறி கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கேள்வியாக அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணை நினைத்துப் பார்த்தாள். இது அவளுக்கு வராது. இதில் அவசரப்படுவாள். தெரிந்த விடைகளை விட்டு, பிழையானவற்றைக் குறித்துக்கொண்டே போனாள்.

கடைசிக் கேள்வியில் தயங்கினாள். பாறை அடுக்கு ஒன்றின் வயதைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்குமா? நினைவுக்கு வரவில்லை. கேட்டுப் பார்க்க, அந்த வயதில் அவளை அறிந்தவர்கள் யாரும் மலைமேல் இல்லை.

தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாள். சரியான விடையைக் குறித்தாள்.

நாற்பத்தொன்பது.

“எல்லாம் பழையபடி ஆயிடுச்சும்மா” என்றார் ஜெபராஜ் சந்தோஷமாக. “ஒரே ஒரு கேள்வி கூடிப்போச்சு. அதுல ஒரு பதினோராயிரம் பேருக்குத்தான் இடம் போச்சு.”

“அவங்கள்ல ஒருத்தரையாவது நான் பார்க்கலாமா சார்?”

“பார்த்து என்னம்மா சொல்லுவே?”

ஜெபராஜ் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.